இலையுதிர் காலத்தில் பிள்ளைகளோடு வெளியே: ஸ்காபரோப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் எங்கள் அயலில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்து, செப்டெம்பர் முதல் நவம்பர் வரை சனிக்கிழமைக் காலைகளில் நடந்து வருகிறோம். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குடும்பமும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறது. வாகனத் தரிப்பிடத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

இலையுதிர் காலம் எண்டால் எப்ப தொடங்கி எப்ப முடியும்? செப்டெம்பரிலேயே குளிருதே!

நாட்காட்டியின்படி செப்டெம்பர் 22 அல்லது 23 இல் தொடங்கி டிசெம்பர் 21 அளவில் முடிகிறது. குடும்பங்களைப் பொறுத்தவரை, பாடசாலை திறக்கும் நாளிலிருந்து பனி நிலத்தில் தங்கத் தொடங்கும் நாள் வரை என்று வைத்துக்கொள்வதே பொருத்தம். ரொறன்ரோவில் சராசரிப் பகல் வெப்பநிலை செப்டெம்பரில் 20 பாகை செல்சியஸ் அளவிலும், ஒக்டோபரில் 14 பாகை அளவிலும், நவம்பரில் 7 அல்லது 8 பாகை அளவிலும் இருக்கும்.

ஊரில் இருந்தபோது காசு செலவழித்து நுவரெலியாவுக்குப் போய் ரசித்த பகல் குளிரும், இங்கே செப்டெம்பரில் யன்னலைப் பூட்டிவிட்டு முறைப்பாடு சொல்கிற குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜூலை வெயிலில் பத்து நிமிடம் ஓடிவிட்டு நிழல் தேடுகிற பிள்ளை, ஒக்டோபரில் ஒரு மணி நேரம் ஓடினாலும் களைப்பதில்லை. நுளம்புத் தொல்லையும் அடங்கிவிடும். ஓடி விளையாடுவதற்கு ஆண்டிலேயே மிக நல்ல காலம் இதுதான் என்பது என் முடிவு.

பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேணும்? ஸ்கூலில் செய்கிறது காணாதா?

கனடாவின் 24 மணி நேர வழிகாட்டல் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடங்கள், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்கச் சொல்கிறது. பொழுதுபோக்குத் திரை நேரம் இரண்டு மணிக்கு மேற்படக்கூடாது என்றும், 5 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டல் கூறுகிறது. வளர்ந்தோருக்கு வாரத்துக்கு 150 நிமிடங்கள்.

ஒன்ராறியோவில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 20 நிமிட உடலசைவு 2005 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது முழுமையாக நடந்தால்கூட இன்னும் 40 நிமிடம் மீதமிருக்கிறது. அந்த நாற்பதை ஒரே தடவையில் முடிக்க வேண்டியதில்லை. பாடசாலைக்கு நடந்துபோய் நடந்து திரும்பினாலே பெரும்பகுதி நிறைந்துவிடும். நடையின் வேகம் போதுமா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு: பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது.

குளிர் காத்துக்குள்ளே விட்டால் தடிமன் பிடிக்காதோ? அம்மம்மா ஏசுவா.

தடிமனைக் கொண்டுவருவது வைரசு. காற்றின் குளிர் அன்று. இலையுதிர் காலத்தில் தடிமன் கூடுவதற்குப் பெரிய காரணம், பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பி, பூட்டிய யன்னல்களுக்குள்ளே ஒருவர் மூச்சை மற்றவர் பகிர்வதுதான். திறந்த வெளியில் அந்தத் தொற்று பரவுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

அம்மம்மா சொல்வதில் ஒரு பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வியர்வையிலோ மழையிலோ நனைந்த உடுப்போடு காற்றில் நிற்கும் பிள்ளையின் உடற்சூடு வேகமாக இறங்கும். ஆகவே வெளியே போகாதே என்பதற்குப் பதிலாக, நனைந்தால் உடனே மாற்று என்று சொல்லப் பழகுவோம். மேலதிகமாக ஒரு சோடி காலுறையை என் பையில் எப்போதும் வைத்திருப்பேன். என் பிள்ளைகளைவிட மற்றவர்களின் பிள்ளைகளுக்கே அது கூடுதலாகப் பயன்பட்டிருக்கிறது.

அப்ப என்ன உடுப்புப் போடுறது? வின்ரர் ஜக்கெட்டை இப்பவே எடுக்கலாமா?

ஒக்டோபரில் தடித்த குளிர்கால ஜக்கெட்டை அணிவித்தால் பிள்ளை பத்து நிமிடத்தில் வியர்த்து, அதைக் கழற்றி உங்கள் கையில் தந்துவிடும். பின்னர் நனைந்த உள்ளுடுப்போடு குளிர்காற்றில் நிற்கும். மெல்லிய உடுப்புகளை அடுக்காகப் போடுவதே முறை. உடலோடு ஒட்டியிருப்பது வியர்வையை விரைவில் காயவிடும் செயற்கைத் துணியாகவோ கம்பளியாகவோ இருக்கட்டும். அதன்மேல் ஃபிளீஸ் போன்ற ஒரு சூடான மேற்சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் தூறலையும் மறிக்கும் மெல்லிய மழைச்சட்டை. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே பருத்தி ஹூடியும் ஜீன்ஸும் இதற்கு ஏற்றவை அல்ல, பிள்ளைகள் அவற்றைத்தான் விரும்புவார்கள் என்றாலும்.

வீட்டைவிட்டு வெளிவரும்போது சற்றே குளிர்வதுபோல இருந்தால் உடுப்புச் சரியான அளவில் இருக்கிறது என்று பொருள். நடக்கத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும். நவம்பரில் தொப்பியும் மெல்லிய கையுறையும் போதும். தடித்த ஜக்கெட் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளோடு போக இங்கே நல்ல இடம் எது? தூரமாய் ஓடத் தேவையில்லாமல்?

கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா நம் வாசலிலேயே இருக்கிறது. 2015 இல் சட்டபூர்வமாக நிறுவப்பட்ட ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச்சாலைக்கு அருகே தொடங்கும் விஸ்ரா பாதையில் ஒரு பார்வை மேடை உண்டு. ஒக்டோபர் நடுப்பகுதியில் அங்கு நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். மாஸ்ற் பாதை ஒரு காலத்தில் கப்பல்களின் பாய்மரத்துக்காக வெட்டிய மரங்களை இழுத்துச் சென்ற வழி. ஏற்ற இறக்கம் கூடியது என்பதால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே அதை நான் பரிந்துரைப்பேன்.

சிறு பிள்ளைகளோடும் தள்ளுவண்டியோடும் வருவோருக்கு ஹைலண்ட் ஓடையை ஒட்டிய மோர்னிங்சைட் பூங்கா நல்லது. பாதை தார் போட்டது, பெரும்பாலும் சமதரை. சைக்கிள் ஓடும் பிள்ளைகளுக்கு, மின்கம்பிக் கோபுரங்களின் கீழே டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் வரை 16 கிலோமீற்றர் நீளத்தில் கட்டங்கட்டமாக உருவாகிவரும் மெடோவே பாதை இருக்கிறது. ஏரிக்கரையில் சில இடங்களில் 90 மீற்றர் வரை உயரும் ஸ்காபரோ செங்குத்துப் பாறைகளைக் கீழேயுள்ள பிளஃபர்ஸ் பூங்காவிலிருந்து பார்க்கலாம். மேலே விளிம்பில் நின்று படம் எடுக்க வேண்டாம். அது மணலும் களியும் சேர்ந்த மண், காலடியில் சரிந்துவிடும்.

வார இறுதியில் காலை பத்து மணிக்குப் பிறகு போனால் வாகனம் நிறுத்தவே இடம் தேட வேண்டிவரும். பொதுப் போக்குவரத்தில் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓடையிலே மீன் பார்க்கப் போறது எல்லாம் உடற்பயிற்சியாகுமோ?

ஆகும், எங்கள் நடைகளில் ஒருவரும் களைப்பென்று சொல்லாத நடை அதுதான். செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபரிலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் ஹைலண்ட் ஓடை, ரூஜ், ஹம்பர் ஆகிய நீரோட்டங்களில் எதிர்த்து ஏறி, முட்டையிட்டுவிட்டு இறந்துபோகின்றன. ஏரியில் இயல்பாக வாழ்ந்த அத்திலாந்திக் சால்மன் 19 ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றுப்போய்விட்டது. இன்று நாம் பார்க்கும் சினூக் 1960களின் பிற்பகுதியில் பசுபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதன் வழிவந்தது. தானும் இன்னோர் இடத்திலிருந்து வந்து ஆற்றை எதிர்த்து ஏறுகிற மீனைப் பார்த்து நம் முதியவர்கள் சொல்லும் கருத்துகள் தனியாக ஒரு பக்கம் எழுதத் தக்கவை.

மழை பெய்த மறுநாள் மீன்கள் கூடுதலாக ஏறும். மீனைத் தேடிக் கரையோரம் மேலும் கீழும் நடக்கும் பிள்ளை தன்னை அறியாமலே இரண்டு மூன்று கிலோமீற்றர் நடந்துவிடும். கல் எறிவதையும், தண்ணீருக்குள் இறங்குவதையும், கையால் பிடிக்க முயல்வதையும் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

வேலை முடிஞ்சு வரேக்கையே இருட்டி விடுகுது. எப்ப வெளியே கூட்டிக்கொண்டு போறது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே உண்மையான கேள்வி. குடும்பங்கள் வீட்டுக்குள் முடங்குவது குளிரால் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், பெரும்பாலும் அதற்குக் காரணம் கடிகாரமே. செப்டெம்பர் தொடக்கத்தில் இரவு 7.50 அளவில் மறையும் சூரியன், ஒக்டோபர் முடிவில் 6.10 அளவில் மறைகிறது. நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் அது திடீரென்று மாலை 5 மணியாகிவிடுகிறது. மாத இறுதியில் 4.40 ஐத் தாண்டியதும் இருட்டு. கோடையின் மாலை வழக்கத்தையே நவம்பருக்கும் இழுத்துச் செல்ல முயல்கிற குடும்பம், இரண்டாவது வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறது.

ஆனால் மாலையில் பறிபோகும் அந்த ஒரு மணி நேரம் காலையில் திரும்பி வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒக்டோபர் இறுதியில் 7.50 வரை விடியாத வானம், கடிகாரம் மாறியதும் 6.50 அளவில் வெளுத்துவிடுகிறது. ஆகவே நவம்பரின் நடை காலை நடையாக மாற வேண்டும். பாடசாலைக்கு காரில் இறக்கிவிடுவதற்குப் பதிலாக 20 நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு நடந்து போகலாம். ஒக்டோபர் மாதம் பாடசாலைக்கு நடந்துசெல்லும் மாதமாகப் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுவதால் தொடங்குவதற்கு அது வசதியான மாதம். பாடசாலை தூரம் என்றால், பத்து நிமிட நடைத் தொலைவில் காரை நிறுத்திவிட்டு மிச்சத்தை நடந்து முடிக்கலாம். வாசலில் கார்கள் அடுக்கி நிற்கும் நெரிசலில் காத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

இரவுப் பணி செய்யும் பெற்றோர் இருவரும் காலையில் உறங்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு என் ஆலோசனை, அயலில் உள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் முறைவைத்து பிள்ளைகளை அழைத்துச் செல்வதே. மாலைதான் முடியும் என்றால், விளக்கு வெளிச்சமுள்ள வீதிகளில், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டியொன்றைக் கையிலோ பையிலோ அணிந்து நடக்கலாம். கறுப்பு ஜக்கெட் அணிந்த பிள்ளையை நவம்பர் மாலை மழையில் காரோட்டி காண்பது மிகக் கடினம்.

சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. தமிழ், கணிதம், மிருதங்கம். நேரம் எங்கே இருக்கு?

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையிலுள்ள 45 நிமிடத்தைக் காருக்குள் கைபேசியோடு கழிப்பதற்குப் பதிலாக, அயலிலுள்ள பூங்காவைச் சுற்றி நடந்தோம். அதற்குமேல் ஒரு வகுப்பை நிறுத்த வேண்டியும் வந்தது. எதை நிறுத்தினோம் என்பதைச் சொன்னால் அந்த ஆசிரியர் மனம் நோவார்.

படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஒரு விளக்கம். இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்த பின்னர், அமர்ந்திருந்தபோது இருந்ததைவிடக் கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் குறைந்த பிழை விட்டார்கள். வாசித்து விளங்கிக்கொள்வதிலும் கூடிய புள்ளி பெற்றார்கள். இருபது பிள்ளைகளே பங்குபற்றிய சிறு ஆய்வு அது. நடந்தால் கணிதத்தில் முதலிடம் வரும் என்று அதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். நடப்பதால் படிப்பு நேரம் வீணாகிறது என்ற வாதத்துக்கு மட்டும் அது நல்ல பதில்.

மகளுக்கு எட்டு வயசிலேயே கண்ணாடி போட்டாச்சு. வெளியிலே விளையாடினால் கண்ணுக்கு நல்லது எண்டு சொல்லுறது உண்மையோ?

பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை தொடங்குவதைப் பிற்போடுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சூ நகரில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாடசாலை நாளும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியில் செலவிடும் பாடவேளை ஒன்று வைத்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின்னர் அந்தப் பாடசாலைகளில் 30.4 வீதமான பிள்ளைகளுக்கும், வழமைபோல நடந்த பாடசாலைகளில் 39.5 வீதமான பிள்ளைகளுக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. முடிவு 2015 இல் வெளியானது. ஓடினார்களா, அமர்ந்திருந்தார்களா என்பதைவிட வெளிச்சமே முக்கியம் என்று கருதப்படுகிறது. மேகமூட்டமான நவம்பர் பகலும் வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு வெளிச்சமானது. ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையை இது மாற்றாது. கண்ணாடியைத் தொடர்ந்து அணிய வேண்டும். தம்பி தங்கையரை இப்போதே வெளியே அனுப்புங்கள்.

பதினாறு வயசு மகன் எங்களோடே நடக்க வெக்கப்படுகிறான். என்ன செய்ய?

வெட்கப்படுவது அந்த வயதின் இயல்பு; குடும்ப நடைக்கு இழுத்தால் இருபக்கமும் மனக்கசப்புத்தான் மிஞ்சும். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகத் தொண்டு தேவை. பூங்கா துப்புரவு, மரநடுகை, தனியே வாழும் முதியவரின் முற்றத்து இலைகளை வாருதல் போன்றவற்றைப் பாடசாலையின் ஒப்புதலோடு அதற்குக் கணக்கிடலாம். ஒரு மணி நேரம் ஈர இலை வாரிப் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்று தோன்றும். சொந்த வீட்டு முற்றத்தைக் கூட்டுவது கணக்கில் சேராது என்பதை மகன் நிச்சயம் நினைவூட்டுவான்.

ஓட்டத்தில் விருப்பமுள்ளவர்களுக்கு, பாடசாலைகளில் காட்டோட்டப் (cross-country) பருவம் செப்டெம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. செப்டெம்பரில் பல பாடசாலைகள் ரெறி ஃபொக்ஸ் ஓட்டத்தையும் நடத்துகின்றன. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார் என்பதை எல்லாப் பிள்ளைகளும் படித்திருப்பார்கள். பிள்ளை ஓடும் அன்று பெற்றோரும் கூடவே ஓடலாமா என்று பாடசாலையில் கேட்டுப் பாருங்கள்.

நடந்து நடந்து சின்னவங்களுக்கு அலுத்துப்போச்சு. வேறே என்ன விளையாடலாம்?

கிளித்தட்டு. உதிர்ந்த இலைகளை வாரி நீளக்கோடும் குறுக்குக் கோடுகளுமாக வரிசைப்படுத்தினால் சுண்ணாம்பும் தேவையில்லை, கயிறும் தேவையில்லை. குறுக்குக் கோடுகளில் காவல் நிற்போரைத் தாண்டி, நடுக்கோட்டிலும் ஓடித் திரியும் கிளியிடம் படாமல் மறுமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிள்ளைக்கு இரண்டாம் கேள்வியில் சொன்ன மூச்சுவாங்கல் தாராளமாகக் கிடைத்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விதியை விளக்க ஐந்து நிமிடம் போதும். அப்பாமாருக்கிடையே விதி பற்றிய சண்டை தீரத்தான் நேரம் எடுக்கும், ஏனென்றால் ஊருக்கு ஊர் விதி வேறு. ஈர இலை வழுக்கும் என்பதால் காய்ந்த புல்வெளியைத் தெரிவுசெய்யுங்கள்.

அம்மம்மாவையும் அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா? விழுந்து கிழுந்து போனால்?

விழும் அச்சம் நியாயமானது. ஆனால் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அமர்ந்திருந்து கால் தசை தளர்ந்தவரே பனிக்காலத்தில் எளிதில் விழுகிறார். அடிப்பாகத்தில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, சேலைக்கு உள்ளே கம்பளிக் காற்சட்டை, கையில் தடி, பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளை: இவ்வளவும் இருந்தால் தார்ப்பாதையில் அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். நவம்பர்க் காலைகளில் மரப்பாலங்களில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி படிந்திருக்கும். முதியவர்களோடு செல்லும்போது வெயில் ஏறிய பிறகு புறப்படுங்கள். மழை நாளில் கடைத்தொகுதிக்குள் நடப்பதும் நடைதான்.

எங்களுக்கு வசதி குறைவு. சப்பாத்து, கிளப் காசு எல்லாம் கட்ட ஏலாது.

இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. நல்ல பிடிப்புள்ள ஒரு சோடி சப்பாத்தும் மழைச்சட்டையும் பழைய உடுப்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். பயிற்சி வகுப்பில் சேர்க்க விரும்பினால், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கான மாநகரசபையின் வெல்கம் பொலிசி என்னும் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். ஜம்ப்ஸ்ராட் என்ற தொண்டு அமைப்பும் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு உதவுகிறது. இவற்றைக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

ரூஜ் காட்டிலே உண்ணி இருக்கு, லைம் நோய் வரும் எண்டு சொல்லுகினம். போகாமலே விடுறதோ?

உண்ணி இருப்பது உண்மை. லைம் என்னும் பாக்டீரியாத் தொற்றைக் கடித்துப் பரப்பும் கறுங்கால் உண்ணி 4 பாகைக்கு மேல் வெப்பமுள்ள நாட்களில் நடமாடும். வளர்ந்த உண்ணிகள் இலையுதிர் காலத்தில் மிகுதியாகக் காணப்படும். குளிர் வந்துவிட்டது, இனி இல்லை என்று எண்ணுவதே தவறு. பாதையின் நடுவே நடப்பது, காற்சட்டை விளிம்பைக் காலுறைக்குள் செருகுவது, வீடு திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமயிர் ஆகியவற்றைப் பார்ப்பது என்ற மூன்றையும் வழக்கமாக்கினால் போதும். கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே தேவை கண்டால் தடுப்பு மருந்து எழுதித் தரலாம்; உண்ணியை அகற்றி 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

உண்ணியைப் பற்றிக் கேட்பவர்கள் பொய்சன் ஐவியைப் பற்றிக் கேட்பதே இல்லை. மூன்று மூன்று இலைகளாக வளரும் இச்செடி இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும்; இலை சேர்க்கும் பிள்ளை அதைத்தான் முதலில் பறிக்கும். தொட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கும். தேசியப் பூங்காவில் இலையோ காளானோ எடுப்பது சட்டப்படியும் தடை. இலை சேர்ப்பதை உங்கள் வீட்டு மேப்பிள் மரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆஸ்துமா. குளிருக்குள்ளே ஓட விடலாமோ?

நோய் கட்டுப்பாட்டில் இருந்தால் ஓடலாம். அதை முடிவுசெய்ய வேண்டியவர் அவருடைய மருத்துவர். பாடசாலை திறந்து இரண்டு மூன்று வாரங்களில் ஆஸ்துமாத் தாக்கங்கள் ஆண்டின் உச்சத்தை அடைகின்றன. தடிமன் வைரசு அதற்கு முக்கிய காரணம். ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து முதல் உறைபனி வரை பறக்கும், ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தம் இன்னொன்று. கோடையில் நிறுத்திய தடுப்பு இன்ஹேலரைச் செப்டெம்பருக்கு முன்னரே மீண்டும் தொடங்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதும், மூக்கையும் வாயையும் மெல்லிய சால்வையால் மூடுவதும் குளிர்காற்றின் தாக்கத்தைக் குறைக்கும். நிவாரண இன்ஹேலர் காரில் அன்றி, பிள்ளையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

சைக்கிள் ஓட எதாவது சட்டம் இருக்கோ?

ஒன்ராறியோவில் 18 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம், மணியும் வேண்டும். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்னிருந்து உதித்து அரை மணி நேரம் வரை, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ ஒளிதிருப்பியோ தேவை. இருட்டைப் பற்றி மேலே சொன்ன நேரங்களின்படி பார்த்தால் நவம்பர் தொடக்கத்தில் இது மாலை நாலரை மணி, மாத இறுதியில் 4.10 அளவு. ரொறன்ரோவில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓடக்கூடாது.

கந்தசஷ்டி விரதம் வருகுது. விரதத்தோடே நடக்கலாமா? எனக்குச் சீனி வருத்தமும் இருக்கு.

உடல்நலமுள்ளவர் பால் பழத்தோடு விரதமிருந்தாலும் மெதுவாக அரை மணி நேரம் நடப்பதில் தீங்கில்லை; ஓட்டத்தையும் ஏற்றத்தையும் அந்த ஆறு நாட்களுக்கு ஒதுக்கிவையுங்கள். சிறுவர்களைக் கடும் விரதத்தோடு விளையாட அனுப்ப வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ சீனியைச் சடுதியாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் விரதத்தோடு நடப்பது ஆபத்தாகலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி மருந்தின் அளவை ஒழுங்குசெய்த பின்னரே விரதத்தையும் நடையையும் முடிவு செய்யுங்கள். சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். விரதமில்லாத நாட்களில், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சீனி ஏறுவதைக் குறைக்கும். தெற்காசியருக்கு இந்நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருவதால், இந்த நடை முழு வீட்டுக்கும் பொருந்தும்.

எந்த நாளிலே போகவே கூடாது?

இடி கேட்டால், பலத்த காற்றில் கிளைகள் முறிந்தால், உறைமழை பெய்தால் காட்டுப்பக்கம் போகக்கூடாது. பெருமழைக்குப் பின் ஓடையோரப் பாதைகளில் வெள்ளம் ஏறியிருக்கும். மீன் கூடுதலாக ஏறும் நாள் என்று மேலே சொன்னதற்காகக் கரை விளிம்புக்குப் போய்விடாதீர்கள், பாலத்தில் நின்று பாருங்கள். வெறும் தூறலும் வெறும் குளிரும் இந்தப் பட்டியலில் இல்லை.

எல்லாம் சரி. இரண்டு கிழமை நடந்திட்டு விட்டிடுவம். போன வருசமும் அப்படித்தான்.

விட்டுப்போன குடும்பங்களை நான் கவனித்ததில், அநேகமாக எல்லோரும் முதல் நாளிலேயே ஐந்து கிலோமீற்றர் நடந்தவர்கள். வடையும் ரோல்ஸும் கட்டி, தேநீர்க் குடுவைகளோடு இரண்டு காரில் புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்குக் களைத்துத் திரும்பினார்கள். அடுத்த வாரம் அவ்வளவு ஆயத்தத்தை நினைத்ததுமே அலுப்பு வந்துவிட்டது. தொடர்ந்து வருபவர்கள் வீட்டிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் ஒரு பாதையை வைத்துக்கொண்டு, அவித்த கடலையோடு முக்கால் மணி நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள். ரூஜுக்கு மாதம் ஒரு தடவை போனால் போதும்.

கூடவே, இன்னொரு குடும்பத்தோடு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாரோ தெருமுனையில் குளிருக்குள் காத்து நிற்கிறார்கள் என்றால் சப்பாத்துப் போடத்தான் வேண்டும். எங்கள் குழுவில் சிலர் அந்த ஒரே காரணத்துக்காக மூன்றாவது ஆண்டாக வருகிறார்கள். அவர்களில் நானும் ஒருவர்.